பத்துப் பாடல்கள், பல காதுகள்: ஓர் எலக்ட்ரானிக் பாப் ஆல்பம் குறித்த கேட்போர் கருத்துகள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு சிறிய இசைக்குழுவின் இரண்டாவது வெளியீட்டைப் பற்றியது. குழுவில் இருப்பது இருவர்தான். பாடகி வரிகளையும் மெட்டுகளையும் எழுதுகிறார். இசையமைப்பாளர் சிந்தசைசர்களையும் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவிகள், சுருக்கமாகச் சிந்த்) கணினியையும் வைத்து மற்ற எல்லாவற்றையும் செய்கிறார். பின்னால் இசை நிறுவனம் ஏதும் கிடையாது. பதிவு, அட்டை ஓவியம், வெளியீடு எல்லாம் சொந்தக் காசில். மிக்ஸிங்கை, அதாவது பதிவான ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பதை மட்டும் வெளியிலிருந்து ஓர் ஒலிப்பொறியாளர் செய்தார். கேட்போரின் கருத்துகளைத் திரட்டி, வகைபிரித்து, இந்த மூவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. மூவரும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். யாரென்று தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் வெளியீடு எளிமையானது. கிட்டார், குரல், ஆங்காங்கே ஒரு மெல்லிய சிந்த் ஒலி, அவ்வளவுதான். குரலை மைக்குக்கு மிக அருகில் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். ரிவெர்ப், அதாவது அறைக்குள் ஒலிப்பதுபோன்ற எதிரொலி, கிட்டத்தட்ட இல்லை. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அதைக் கேட்டுப் பின்தொடர்ந்தவர்களுக்குப் பிடித்தது அந்த நெருக்கம்தான்.

இரண்டாவது ஆல்பம் வேறு திசையில் போனது. பத்துப் பாடல்களில் ஒன்றில்கூடக் கிட்டார் இல்லை. தாளத்தின் ஒவ்வோர் அடியிலும் விழும் கிக் (கனத்த ட்ரம் ஒலி), ஓயாமல் ஓடும் ஆர்பெஜியோக்கள் (ஒன்றன்பின் ஒன்றாக உதிரும் சுரங்கள்), பல்லவி வந்தால் பல அடுக்காக விரியும் குரல். நடுவே, வரிகளே இல்லாத, ஆறு நிமிடத்தைத் தொடும் ஒரு வாத்திய இசையும் உண்டு.

கேட்போரிடம் போவதற்கு அவர்கள் சொன்ன காரணம், பலமுறை கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது என்பது. உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. தன் குரல் காணாமல் போகிறது என்று பாடகி நினைத்தார். குரலும் ஒரு வாத்தியம்போல இசைக்குள் கரைய வேண்டும், அதுதான் இந்த ஆல்பத்தின் ஒலி என்று இசையமைப்பாளர் நினைத்தார். இந்த வழக்குக்குத் தீர்ப்பு வாங்கவே கேட்போர் தேவைப்பட்டார்கள். அது பின்னால் வந்த பல விஷயங்களைப் பாதித்தது.

முதல் சுற்று: எல்லாரும் ஒரே அறையில்

முதல் சுற்றை இயல்பாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தெரிந்தவர்கள் சிலரைக் கூப்பிட்டு, நல்ல ஸ்பீக்கரில் ஆல்பத்தை முழுக்க ஓடவிட்டு, அப்புறம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது. வந்தவர்களில் மூன்று வகை இருந்தார்கள்: முதல் வெளியீட்டை விரும்பியவர்கள், எலக்ட்ரானிக் இசையை நிறையக் கேட்பவர்கள், இசையை வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிடுபவர்கள்.

ஓடி முடிந்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, இசை நன்றாகத் தெரிந்தவர் என்று எல்லாரும் மதிக்கும் ஒருவர், “குரல் பின்னால போயிடுச்சு” என்றார். அதற்கப்புறம் பேசிய ஏறக்குறைய எல்லாரும் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். சிலர் அதை மறுத்தும் பேசினார்கள், ஆனால் பேச்சு அந்தப் புள்ளியை விட்டு நகரவே இல்லை. தாளத்தைப் பற்றியோ பாடல்களின் நீளத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. பாடகிக்குத் திருப்தி, இசையமைப்பாளருக்குக் கடும் எரிச்சல்.

முதலில் பேசுபவர் மற்றவர்களின் கருத்தை இழுத்துக்கொண்டு போவது புதிய செய்தியில்லை. இசையிலேயே இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்கக் கொடுத்து, அதன் முடிவுகளை 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும், அவர்களையும் ஒருவரையொருவர் அறியாத தனித்தனி வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். பிறரின் தேர்வு கண்ணில் பட்ட வட்டங்களில் வெற்றி பெற்ற பாடல்கள் மிகப் பெரிதாக வென்றன. ஆனால் எது வெல்லும் என்பது வட்டத்துக்கு வட்டம் மாறியது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே அடிபட்டன, மிக மோசமானவை அரிதாகவே தேறின. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றன. ஓர் அறைக்குள் நடந்த எங்கள் சுற்றும் இதன் சிறு வடிவம்தான். அந்த மனிதர் ‘நாலாவது பாட்டு நீளம்’ என்று ஆரம்பித்திருந்தால், அன்று முழுக்க நீளத்தைப் பற்றியே பேசியிருப்போம்.

முதல் சுற்றின் கருத்துகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவானது. பாடகி இதற்கு எளிதில் இசையவில்லை. குரல் சரியாக இல்லை என்று தனக்கும் தோன்றுகிறது, அந்த மனிதருக்கும் தோன்றுகிறது, வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குறை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அது எங்கே யாருக்குத் தெரிகிறது என்பதைத்தான் அந்தச் சுற்று காட்டவில்லை என்பது ஒலிப்பொறியாளரின் பதில்.

இரண்டாம் சுற்று: தனித்தனியாக

இரண்டாம் சுற்றுக்குப் புதிய ஆட்களைப் பிடித்தோம். ஒவ்வொருவரும் தனியாக, தாங்கள் வழக்கமாகக் கேட்கும் கருவியில், வழக்கமான நேரத்தில் கேட்க வேண்டும். எழுதி அனுப்பும்வரை வேறு யாரிடமும் ஆல்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்வியை அடியோடு எடுத்துவிட்டோம். அதற்கு ‘சூப்பர்’, ‘பரவாயில்லை’ என்பதைத் தாண்டிப் பதில் வருவதில்லை. பதிலாக, எதில் கேட்டீர்கள், எவ்வளவு சத்தமாக வைத்திருந்தீர்கள், கேட்கும்போது வேறு வேலை செய்தீர்களா, கவனம் எந்த நிமிடம் எந்த நொடியில் விலகியது, எங்கே இடறியது, எதை மறுபடி ஓடவிட்டீர்கள் என்று கேட்டோம்.

பரீட்சைத் தாள்போல இருக்கிறது, இப்படி யாரும் பாட்டுக் கேட்பதில்லை என்று இசையமைப்பாளர் எதிர்த்தார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நொடியைக் குறிக்கச் சொன்னால் கேட்பவர் குறை தேடும் மனநிலைக்குப் போய்விடுகிறார். அதன் விலையை ஆல்பம் வெளிவந்தபின் பார்த்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கவனித்தது: குரல்

குரல் பற்றிய புகார் மறுபடியும் வந்தது. ஆனால் இந்த முறை அதைக் கருவிவாரியாகப் பிரிக்க முடிந்தது. போனின் ஸ்பீக்கரிலோ சமையலறையில் வைக்கும் ஒற்றை ஸ்பீக்கரிலோ கேட்டவர்கள் ‘பல்லவியில் வரிகள் புரியவில்லை’ என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். குறித்திருந்த நொடிகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஹெட்போனில் கேட்டவர்கள் அதே இடங்களைப் பற்றி நேர்மாறாக எழுதியிருந்தார்கள். குரல் தலையைச் சுற்றி வருகிறது, அதுதான் ஆல்பத்தின் உச்சம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஒலிப்பொறியாளர் இதைப் பார்த்ததும் மிக்ஸை மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, ஓடவிட்டார். விஷயம் அங்கேயே வெளிச்சமானது. பல்லவிகளில் இசையமைப்பாளர் குரலை அகலமாக்க இரண்டு வேலைகள் செய்திருந்தார். ஒன்று, குரலின் நகல்களைச் சில மில்லிவினாடிகள் தள்ளி இடப்பக்கமும் வலப்பக்கமும் போட்டு, நடுவில் இருந்த மூலக் குரலைக் குறைத்திருந்தார். இரண்டாவது, ஸ்டீரியோவை விரிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார். அது ஒரு பக்கத்துக்கு அனுப்பும் ஒலியைத் தலைகீழாக்கி மறுபக்கத்துக்கு அனுப்புகிறது. ஹெட்போனில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போவதால் பிரமாதமாக இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டித்தான் தருகிறது. ஒரு பக்கம் மேலேறும்போது மறுபக்கம் அதே அளவு கீழிறங்கினால் கூட்டுத்தொகை பூஜ்யம். அந்த அடுக்கு அப்படியே மறைந்துவிடும். தள்ளிப்போட்ட நகல்களும் ஒன்றோடொன்று மோதி, சில அலைவரிசைகள் அழிந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். மீதி இருப்பது, ஏற்கெனவே குறைத்து வைத்த நடுக்குரல் மட்டும்.

ஆக, போனில் கேட்டவர்களின் புகார் ரசனை சார்ந்ததே இல்லை. அவர்களுடைய ஸ்பீக்கரில் குரலில் ஒரு பகுதி உண்மையிலேயே இல்லை. ஹெட்போன்காரர்களின் பாராட்டும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கூட்டிக் கழித்திருந்தால் ‘குரல் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு’ என்ற உதவாத வரி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

இதில் சேராத மூன்றாவது கூட்டமும் இருந்தது. முதல் வெளியீட்டை விரும்பியவர்களில் சிலர், நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டும் குரல் தூரமாக இருக்கிறது என்றே எழுதினார்கள். அவர்கள் குறித்த நொடிகள் பல்லவியில் இல்லை, சரணங்களில் இருந்தன. சரணங்களில் மேற்சொன்ன தந்திரம் எதுவும் கிடையாது, ரிவெர்ப் மட்டும்தான். அவர்கள் இந்த ஆல்பத்தை முதல் வெளியீட்டோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருத்தத்தை மிக்ஸிங்கில் தீர்க்க முடியாது. தீர்க்கவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கவனித்தது: ‘எல்லாம் ஒரே மாதிரி’

பின்னணியில் ஓடவிட்டுக் கேட்டவர்களிடமிருந்து அதிகம் வந்த கருத்து இது. முதல் கேட்பில் இசையமைப்பாளர் இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கப் பார்த்தார். பாடல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. பத்தில் ஏழு பாடல்களின் வேகம் நிமிடத்துக்கு 116க்கும் 122 தாள அடிகளுக்கும் நடுவில் இருந்தது. அவை எல்லாவற்றிலும் கிக் ஒலி ஒன்றே. கிக் விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் அமுங்கி எழும் சைட்செயின் விளைவும் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருந்தது. தொடர்ச்சியாக வரும் மூன்று பாடல்கள் ஆர்பெஜியோவில்தான் தொடங்கின, அதுவும் ஒரே சுருதியில். கவனித்துக் கேட்பவருக்கு வரிகளும் மெட்டும் வித்தியாசத்தைக் காட்டும். வேலை செய்துகொண்டே கேட்பவருக்குக் கிடைப்பது வேகமும் தொடக்கமும் மட்டும்தான், அவை இரண்டும் மாறவில்லை.

கவனித்தது: ‘உணர்ச்சி இல்லை’

‘இயந்திரத்தனமாக இருக்கிறது’, ‘உணர்ச்சி இல்லை’ என்ற கருத்துகள் வராத எலக்ட்ரானிக் ஆல்பம் இருக்காது. இது பழைய வழக்கு. ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் மெஷின் 1980இல் வந்தபோது, உண்மையான ட்ரம் போல ஒலிக்கவில்லை என்பதுதான் அதன் மீதான புகார். 1983இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதன் பிறகு மலிவு விலையில் கைமாறிய அதே பெட்டியின் ஒலி ஹிப்ஹாப்பிலும் நடன இசையிலும் அடித்தளமாகிப்போனது. ஆகவே இந்தக் கருத்தைக் கேட்டவுடன் பதறத் தேவையில்லை. ஒதுக்கவும் கூடாது என்பதை நொடிக் குறிப்புகள் காட்டின. சிலர் குறித்தது ஹை-ஹேட் (ட்ரம் தொகுதியின் சிறு தாளத்தட்டு) கணினியின் தாளக் கட்டத்துக்குள் துல்லியமாக விழும் ஓர் இடத்தை. சிலர் குறித்தது ஒரு பாடலில் குரலுக்குச் சுருதி திருத்தம் கடுமையாகப் போட்டிருந்த இரண்டு வரிகளை. இரண்டு பேர் எந்த இடத்தையும் குறிக்கவில்லை. அவர்களுக்குச் சிந்த் இசையே பிடிக்காது என்பது பேசியபோது தெரிந்தது.

கவனித்தது: வாத்திய இசை

ஏழாவதாக வந்த வாத்திய இசையை எடுத்துவிடுங்கள் என்று முதல் கேட்பில் பெரும்பாலோர் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கச் சொன்னபோது கருத்து மென்மையானது. பழகப் பழகப் பிடித்துப்போவது உளவியலில் நன்கு அறிந்த ஒன்று. உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் இதை எழுதினார். ஓரளவுக்கு மேல் கேட்டால் சலிப்பு வந்து விருப்பம் மீண்டும் இறங்கும் என்றார் டேனியல் பெர்லைன். சிக்கலான இசையில் அந்த ஏற்றம் மெதுவாக வருகிறது, அதனால் முதல் கேட்பு அதற்கு நியாயம் செய்வதில்லை.

இசையமைப்பாளர் இதைப் பிடித்துக்கொண்டார். ஒலிப்பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டாவது முறை கேட்க ஒப்புக்கொண்டவர்கள் யார்? பார்த்தால், முதல் கேட்பில் ஆல்பமே பிடிக்காமல் போனவர்களில் பலர் பதிலே அனுப்பவில்லை. மிச்சமிருந்தவர்கள் ஏற்கெனவே விரும்பியவர்கள். அவர்களில் சிலரின் கருத்து மெய்யாகவே மாறியிருந்தது, ஆனால் மொத்தக் கூட்டமும் மனம் மாறியது என்று சொல்ல அது போதாது.

முடிவுகளும் காரணங்களும்

குரலில் கை வைப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. பல்லவிகளில் நடுக்குரலை உயர்த்தினார்கள். விரிக்கும் மென்பொருளைக் குரலிலிருந்து எடுத்துவிட்டு, பாடகியை அதே வரிகளை மறுபடி பாடவைத்து, அந்தப் புதிய பதிவுகளை இருபக்கமும் போட்டார்கள். ஒருவர் இரண்டு முறை பாடினால் இரண்டும் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருக்காது. கூட்டினாலும் ஒன்றையொன்று அழிக்காது. நகலெடுத்துத் தள்ளிப்போடுவதைவிட இது அதிக வேலை, ஆனால் ஹெட்போன்காரர்கள் விரும்பிய அகலம் கெடவில்லை. குரலின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு கூரான சிந்த் உட்கார்ந்திருந்தது. குரல் வரும்போது மட்டும் அது சற்று ஒதுங்கும்படி செய்தார்கள். சரணங்களின் ரிவெர்பைக் குறைக்கவில்லை. குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளியை மட்டும் கூட்டினார்கள். இதனால் குரல் முன்னாலும் அதன் எதிரொலி பின்னாலும் நிற்கிறது. முதல் வெளியீட்டின் ரசிகர்களுக்காகச் செய்த ஒரே சலுகை இதுதான்.

புதிய மிக்ஸைப் பழையதோடு ஒப்பிடச் சிலருக்கு அனுப்பியபோது ஒரு தடங்கல். எல்லாரும் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். இசையமைப்பாளர் சந்தேகப்பட்டு அளந்தார். நடுக்குரலை உயர்த்தியதில் புதியது மொத்தத்தில் சுமார் ஒரு டெசிபல் சத்தமாக இருந்தது. இந்த அளவு வித்தியாசத்தை யாரும் ‘சத்தம்’ என்று உணர மாட்டார்கள். ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்றுதான் சொல்வார்கள், அப்படித்தான் எழுதியும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வேறு ஆட்களிடம் அனுப்பியதும், போனில் கேட்டவர்கள் புதியதையே தேர்ந்தார்கள், ஹெட்போன்காரர்கள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். எதிர்பார்த்ததும் அதுதான்.

மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச்சீரமைப்பில், இன்னும் சத்தமாக்கலாம் என்ற யோசனையும் அப்போதே கைவிடப்பட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாடல்களின் சத்தத்தைத் தாங்களே சமன்செய்கின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு). அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். ஏற்ற இறக்கத்தை நசுக்கியதுதான் நமக்கு மிஞ்சும்.

‘ஒரே மாதிரி’ என்ற புகாருக்கு எதிராகப் பாடல்களை மறுபடி செய்ய நேரமும் இல்லை, மனமும் இல்லை. வரிசையை மாற்றுவதுதான் வழி என்றார் இசையமைப்பாளர். மெதுவான பாடல் ஒன்றை எட்டாவது இடத்திலிருந்து நாலாவதுக்குக் கொண்டுவருவது, ஒரே சுருதியில் உள்ளவற்றைப் பிரிப்பது, இரண்டு பாடல்களின் ஆர்பெஜியோ தொடக்கத்தை வெட்டிக் குரலில் தொடங்குவது. பாடகி கடுமையாக எதிர்த்தார். வரிகள் ஓர் உறவு தொடங்கி முறிவதைச் சொல்கின்றன. அந்த மெதுவான பாடல் முறிவுக்குப் பின்னால் வருவது, அது நாலாவதாக வந்தால் கதை உடைகிறது. கேட்டவர்களில் ஒருவரும் கதையைப் பற்றி எழுதவில்லை என்று இசையமைப்பாளர் சுட்டிக்காட்டினார். யாரும் கேட்கவில்லையே, எப்படி எழுதுவார்கள் என்று பாடகி திருப்பிக் கேட்டார். கடைசியில் வரிசை மாறியது. இந்த ஒரு முடிவு மட்டும் வாக்குவாதத்தில் சோர்ந்துபோய் எடுத்தது என்று நினைக்கிறேன்.

ஹை-ஹேட்டைச் சற்று தளர்த்தினார்கள். சுருதி திருத்தத்தைத் தொடவில்லை. அந்த இரண்டு வரிகளில் அப்படி ஒலிக்க வேண்டும் என்பது இருவரின் விருப்பமும்கூட. வாத்திய இசை ஆல்பத்தில் நீடித்தது. அதற்கான காரணத்தை அவர்கள் கேட்போர் கருத்திலிருந்து எடுக்கவில்லை, தங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக வைத்தார்கள். அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தது எனக்குச் சரியாகப் பட்டது.

முதல் பாடலின் நீண்ட தொடக்கத்தைக் குறைக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். 30 நொடிகள் ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு கேட்பாகக் கணக்கிடுகிறது. குரலோ 40 நொடிகளுக்குப் பிறகுதான் வருகிறது. தனிப்பாடலாக வெளியிடக் குட்டையான வடிவம் ஒன்றைச் செய்தார்கள். ஆல்பத்தில் நீளமானதே இருந்தது.

வெளியீட்டுக்குப் பின்

வரிகள் புரியவில்லை என்ற புகார் ஏறக்குறைய நின்றுபோனது. குரல் தூரம் என்பது நிற்கவில்லை. முதல் வெளியீட்டின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகிப்போனார்கள், சிலர் அதைச் சொல்லிவிட்டே போனார்கள். ‘ஒரே மாதிரி’ குறைந்தது, மறையவில்லை. வரிசை மாற்றத்தால் எவ்வளவு பயன் என்று அளக்க வழியில்லை. பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்பவர்களுக்கு வரிசை என்ற ஒன்றே கிடையாது. வாத்திய இசை எதிர்பார்த்தபடி மக்களை இரண்டாகப் பிரித்தது.

யாரும் எதிர்பாராதது ஒன்பதாவது பாடல். ஒரே ஒரு சிந்த், குரல், இடையில் எங்கேயோ மெல்ல நுழையும் பேஸ், அவ்வளவுதான். வெளியீட்டுக்கு முன் இரண்டு சுற்றிலும் அதைப் பற்றி ஏறக்குறைய யாருமே எதுவும் எழுதவில்லை. அதைத் தனிப்பாடலாக வெளியிடும் யோசனைகூட எழவில்லை. ஆல்பம் வந்தபின், குழுவுக்குக் கடிதம் எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது அந்தப் பாடலைத்தான். கேட்பு எண்ணிக்கையிலும் மற்ற ஒன்பதையும் முந்தியது. யாரோ அதைப் பலர் கேட்கும் பிளேலிஸ்ட் ஒன்றில் சேர்த்ததும் இதற்கு ஒரு காரணம். மேலே சொன்ன 2006 சோதனையின்படி பார்த்தால், அந்த ஒரு தள்ளல் இல்லாமல் இது இந்த இடத்துக்கு வந்திருக்காது என்றும் வாதிடலாம். ஆனால் கடிதங்களில் சில, அந்தப் பிளேலிஸ்ட்டுக்கு முன்பே வந்தவை.

திரட்டிய தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். குறிப்புகள் முதல் நாலைந்து பாடல்களுக்கு அடர்த்தியாக இருந்தன. போகப் போக மெலிந்தன. எட்டு, ஒன்பது, பத்துக்கு வெறும் ‘ஓகே’. எல்லாருக்கும் ஒரே வரிசையில் அனுப்பியிருந்தோம். ஒன்பதாவதை அடையும்போது எல்லாருமே களைத்திருந்தார்கள். இன்னொன்று, நாங்கள் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி, எங்கே இடறுகிறது என்பதைப் பற்றியவை. ஒன்பதாவது பாடலில் இடற எதுவும் இல்லை. அதனால் எழுதவும் எதுவும் இருக்கவில்லை. ‘எதை மறுபடி ஓடவிட்டீர்கள்?’ என்ற கேள்வியைத் தாளின் கடைசியில் வைத்திருந்தோம், பலர் அதை வெற்றாகவே விட்டிருந்தார்கள். பரீட்சைத் தாள் என்று இசையமைப்பாளர் சொன்னது இங்கேதான் நிஜமானது.

அடுத்த முறை மாறுபவை

மூன்றாவது ஆல்பத்துக்கான வேலை தொடங்கியிருக்கிறது. கேட்கக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு பாடல்களுக்கு மேல் இல்லை. தாளில் முதல் கேள்வி, ‘இதில் எதை இன்னொருவருக்கு அனுப்புவீர்கள்?’ என்பதாக இருக்கும். நொடிக் குறிப்பு இரண்டாவது கேட்பில்தான். மறுபடி கேட்க வராதவர்களின் பெயர்களையும் கணக்கில் வைத்துக்கொள்வோம், அவர்களின் முதல் கருத்தோடு சேர்த்து.

மோனோவில் கேட்டுப் பார்ப்பது, போனின் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்ப்பது ஆகியவற்றை ஒலிப்பொறியாளர் கேட்போரிடம் அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுவார். ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்துச் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல அது. ஒப்பிட இரண்டு வடிவங்கள் அனுப்பினால், இரண்டையும் சத்தத்தில் சமன்செய்த பிறகே அனுப்புவோம். முந்தைய வெளியீட்டைத் தெரிந்தவர்களின் பதில்களைத் தனிக் கட்டாக வைப்போம். இதில் இசையமைப்பாளருக்கும் பாடகிக்கும் முதன்முறையாக ஒரே கருத்து.

கேட்போர் கருத்துக்கு விடாத விஷயங்கள் எவை என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதும் புதிது. இப்போதைக்கு அந்தப் பட்டியலில் இரண்டுதான் இருக்கின்றன: வரிகள், அப்புறம் பாடல்களின் வரிசை. இரண்டாவதைச் சேர்த்தது பாடகி. சென்ற ஆல்பத்தை மேடையில் முழுக்க இசைக்கும்போதும் அவர்கள் பழைய வரிசையில்தான் இசைக்கிறார்கள்.